மீன் விடாத தொட்டி மக்கர் பண்ணும்போது: சைக்கிள் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது எப்படி

தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. ஃபில்டர் ஓடுகிறது, ஹீட்டர் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது, உள்ளே மணலும் ஒரு மரக்கட்டையும் தவிர ஒன்றுமில்லை. "மீன் எங்கே?" என்று வீட்டில் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டாகிவிட்டது. டெஸ்ட் கிட்டில் வரும் நிறமோ நேற்றும் இதேதான், முந்தாநாளும் இதேதான். மீன் விடுவதற்கு முன் தொட்டியில் நல்ல நுண்ணுயிர்களை வளர்த்தெடுக்கும் வேலைக்குத்தான் 'சைக்கிள்' என்று பெயர். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். என்னிடம் வரும் "சைக்கிள் நின்றுவிட்டது" புகார்களில் கணிசமானவை அந்த இரண்டிலேயே முடிந்துவிடுகின்றன.

ஒழுங்காக நடந்தால் எப்படி நடக்கும்

ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை, அளவோடு இருந்தால், மீன் பொறுத்துக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் போதுமான அளவு குடியேறும்வரை மீன் இல்லாமல், நாமே அம்மோனியா ஊற்றி வளர்ப்பதைத்தான் சைக்கிள் செய்வது என்கிறோம்.

இவை பெருகும் வேகம் மிகக் குறைவு. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்கு அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் பிடிக்கும். 1890 வாக்கில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி இவற்றைத் தனியே பிரித்தெடுக்க முயன்றபோது, மற்ற பாக்டீரியாக்கள் செழித்து வளரும் ஜெலட்டினில் இவை வளர மறுத்தன. கடைசியில் கரிமச் சத்தே இல்லாத சிலிக்கா ஜெல்லில்தான் வளர்த்துக் காட்டினார். அம்மோனியாவிலிருந்து ஆற்றலையும் தண்ணீரில் கரைந்த கார்பன்-டை-ஆக்சைடிலிருந்து உடலையும் தேற்றிக்கொள்ளும் பிறவிகள் இவை. அவசரம் தெரியாதவை.

26 முதல் 28 டிகிரி வெப்பம், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 7-க்கு மேல், நாள் முழுக்க ஓடும் ஃபில்டர், 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா. இப்படித் தொடங்கினால் முதல் வாரம் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. இரண்டாம் வாரத்தில் நைட்ரைட் தலைகாட்டும். மூன்றாம் வாரத்துக்குள் அம்மோனியா தினமும் சட்டென்று காலியாகத் தொடங்கும், நைட்ரைட் மட்டும் மலை போல ஏறி நிற்கும். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் அதுவும் ஒரு நாள் பொத்தென்று விழும். நன்றாக ஓடும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் இதெல்லாம் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். எட்டாம் நாள் நைட்ரைட் வரவில்லை என்றால் அது கோளாறு இல்லை, வெறும் எட்டாம் நாள்.

முதலில் டெஸ்ட் கிட்டைச் சந்தேகப்படுங்கள்

தொட்டியைக் குறை சொல்வதற்கு முன் சோதனைக் குழாயைப் பாருங்கள். வெள்ளைத் தாளில் குழாயை ஒட்டி நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே பார்த்தால் அம்மோனியா சைபரே 0.25 போலத் தெரியும்.

நைட்ரேட் கிட்டில் இரண்டு பாட்டில் இருந்தால், இரண்டாவது பாட்டிலின் மருந்து அடியில் படிந்து இறுகிவிடும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் சொட்டு விட்டால் நைட்ரேட் எப்போதும் சைபர்தான் காட்டும். குலுக்குவது என்றால் பாட்டிலைச் சும்மா ஆட்டிப் பார்ப்பதில்லை. கை வலிக்க வேண்டும். அதோடு, நைட்ரேட் சோதனை என்பது நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி அதன் நிறத்தைக் காட்டுவது. அதனால் தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் நிறைய இருக்கும்போது நைட்ரேட் எண்ணை நம்பவே வேண்டாம். இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

இந்த இரண்டு பெயருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் பாட்டிலை மாற்றி எடுப்பதும் சகஜம். மூடியில் மார்க்கரால் பெரிதாக எழுதிவையுங்கள்.

அட்டை வகைச் சோதனைக் குச்சிகள் சிலவற்றில் அம்மோனியாவுக்கான கட்டமே இருக்காது. சைக்கிள் சமயத்தில் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான். சொட்டு வகைக் கிட் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இன்னொன்று, குழாய்த் தண்ணீரையும் ஒரு முறை முழுசாகச் சோதித்து எழுதிவையுங்கள். சில ஊர்த் தண்ணீரில் குழாயிலேயே நைட்ரேட் இருக்கும். "ரெண்டாம் நாளே நைட்ரேட் வந்துவிட்டது, சைக்கிள் முடிந்தது" என்று குதித்தவர்கள் உண்டு.

அம்மோனியா ஊற்றினேன், ஆனால் எண் ஏறவில்லை

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஊற்றியது போதவில்லை, ஊற்றியது அம்மோனியாவே இல்லை, அல்லது செடிகள் தின்றுவிட்டன.

மீன் உணவைத் தூவி அது அழுகட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு முதல் காரணம் பொருந்தும். உணவு அழுகி அம்மோனியா வர நாலைந்து நாள் ஆகும். எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே பூஞ்சையும் நாற்றமும் இலவசம். எனக்கு இந்த முறை பிடிக்காது. ஆனால் வேறு வழியே இல்லாவிட்டால் வேலை செய்யும்.

அம்மோனியம் குளோரைடு, அதாவது சுத்தமான நவச்சாரம், எனக்குத் தெரிந்து மிகச் சீரான வழி. 100 லிட்டர் தண்ணீரில் 2 பிபிஎம் வர சுமார் 0.6 கிராம் போதும். இவ்வளவு சிறிய எடையைச் சாதாரணத் தராசு பிடிக்காது. அதனால் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 மில்லி எடுத்தால் 100 லிட்டருக்கு 2 பிபிஎம். திரவ அம்மோனியா வாங்கினால் பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். நுரை எழும்பி அப்படியே நின்றால் அதில் சோப்புப் பொருள் கலந்திருக்கிறது, தொட்டிக்கு ஆகாது. அம்மோனியாவைப் பிளீச்சிங் திரவத்தோடு ஒரே வாளியில், ஒரே தொட்டியில் எக்காலத்திலும் சேர்க்காதீர்கள். கிளம்பும் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும்.

அளவு தப்புவதற்கு இன்னொரு காரணம் தொட்டியின் கொள்ளளவு. 60 × 30 × 35 செ.மீ. தொட்டி கணக்குப்படி 63 லிட்டர். விளிம்புக்குக் கீழே நாலு விரல் விட்டு நிரப்பி, மணலும் கல்லும் போட்ட பிறகு உள்ளே இருப்பது 50 லிட்டர்கூடத் தேறாது. அப்படிப் பார்த்தால் ஏறவில்லை என்பதைவிட அளவுக்கு மேல் ஏறியது என்ற புகார்தான் இங்கே அதிகம் வர வேண்டும்.

செடிகள் அடர்த்தியாக நட்டிருந்தால் கதை வேறு. வேகமாக வளரும் தண்டுச் செடிகளும் மிதக்கும் செடிகளும் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் உறிஞ்சும். அம்மோனியா, நைட்ரைட் எதுவும் தலைகாட்டாமலே தொட்டி தயாராகிவிடலாம். செடிகள் புது இலை விட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அழுகிக்கொண்டிருக்கும் செடி அம்மோனியாவை எடுக்காது, கொடுக்கும்.

இரண்டு வாரம் தாண்டியும் அம்மோனியா இறங்கவே இல்லை, நைட்ரைட்டும் இல்லை

முதலில் குளோரின். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது பாதி உண்மை. குளோராமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி, கலந்த தண்ணீர் என்றால் பறக்காது. குளோரின் நீக்கி போட்டே ஆக வேண்டும். அப்படிப் போடும்போது குளோராமின் உடைந்து கொஞ்சம் அம்மோனியா வெளிவரும். சைக்கிள் நடக்கும் தொட்டியில் அது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை, அவற்றுக்கு அதுவும் சாப்பாடுதான். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட வாரா வாரம் ஒரு குடம் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறீர்களா? முளைக்கிற பயிர் மீது வாரா வாரம் களைக்கொல்லி தெளித்த மாதிரிதான்.

அடுத்து அம்மோனியாவின் அளவு. "நிறையப் போட்டால் சீக்கிரம் ஆகும்" என்று 8, 10 பிபிஎம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். 5-ஐத் தாண்ட விடாதீர்கள். அதிக அம்மோனியா நைட்ரைட்டைத் தின்னும் இரண்டாவது கூட்டத்தை அமுக்கிவிடும். தாண்டியிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அவை மிதந்து திரிபவை அல்ல. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் மணலிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருப்பவை.

மூன்றாவது குளிர். 20 டிகிரிக்குக் கீழே வேலை நடக்கும், ஆனால் நத்தை வேகத்தில்.

நான்காவது ஆக்ஸிஜன். ஒரு கிராம் அம்மோனியா-நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நாலரை கிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் செலவாகிறது. இரவில் சத்தம் என்று ஃபில்டரை அணைப்பவர்கள் தங்கள் தொட்டியில் இருப்பதிலேயே மூச்சு அதிகம் தேவைப்படும் உயிர்களை மூச்சடைத்து வைக்கிறார்கள். மேற்பரப்பு அலையவில்லை என்றால் ஓர் ஏர் ஸ்டோன் போடுங்கள். அவ்வளவு போதும்.

பாட்டில் பாக்டீரியா வாங்கலாமா? சிலது வேலை செய்கிறது, சிலது வெறும் தண்ணீர். இடையில் ஒரு சுவாரஸ்யம்: நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் பழைய புத்தகங்கள் எல்லாம் சொல்லும். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைப் பார்ப்பது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2015-இல் இன்னும் ஒரு படி மேலே போய், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுவதையும் ஒரே உயிராகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராக்களும் உண்டு என்று தெரிந்தது. பாட்டில் வாங்கினால் லேபிளில் எந்தப் பெயர் இருக்கிறது, வெயிலில் கிடந்ததா, தேதி தாண்டியதா என்று பாருங்கள். எதையும் வாங்குவதற்கு முன், நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கேளுங்கள். அதைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்தபடி எடுத்து வந்து, உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். மண் நிறத்தில், பிசுபிசுவென்று, தொட்டால் முகம் சுளிக்கும்படி இருக்கும். அதை அலசிவிட்டால் கேட்டு வாங்கியதே வீண்.

நைட்ரைட் உச்சத்தில் ஏறி இறங்க மாட்டேன் என்கிறது

எல்லாரும் பொறுமை இழக்கும் இடம். நானும் இழந்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. 1 பிபிஎம் அம்மோனியா முழுதாக மாறினால் சுமார் 2.7 பிபிஎம் நைட்ரைட் வரும். நீங்கள் 2 பிபிஎம் வீதம் நாலு முறை ஊற்றியிருந்தால், இரண்டாவது கூட்டம் இன்னும் தயாராகாத நிலையில், உள்ளே 20 பிபிஎம்முக்கு மேல் நைட்ரைட் குவிந்திருக்கும். கிட்டின் நிறப்பட்டையோ பெரும்பாலும் 5-உடன் முடிந்துவிடுகிறது. 22-இலிருந்து 9-க்கு இறங்கினாலும் அதே கருநீலம்தான் தெரியும். நின்றுபோனது போல இருக்கும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க, சோதனைக் குழாயில் 1 மில்லி தொட்டித் தண்ணீரும் 4 மில்லி காய்ச்சி வடித்த நீரும் ஊற்றிச் சோதித்து, வரும் எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். அதுவும் உச்சத்தில் காட்டினால் அரை மில்லிக்கு நாலரை மில்லி சேர்த்து 10-ஆல் பெருக்குங்கள். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு எண் எடுங்கள். இறங்கினால் சும்மா இருங்கள்.

இறங்கவில்லை என்றால் பாதித் தண்ணீரை மாற்றி, அம்மோனியா ஊற்றுவதை 1 பிபிஎம்மாகக் குறைத்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆக்குங்கள். முதல் கூட்டம் பட்டினியில் செத்துவிடாது. நைட்ரைட் மட்டும் இறங்கட்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் பி.எச். பாருங்கள். நான் பார்க்காமல் விட்டது அதைத்தான். "சுத்தமான தண்ணீர் நல்லது" என்று முக்கால்வாசி ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி ஒரு தொட்டி தொடங்கியிருந்தேன். 24-ஆம் நாளிலிருந்து தினமும் காலையில் ஜன்னலோரம் குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். பள்ளிக்குக் கிளம்பும் மகள் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, இது நேத்து எடுத்த டியூபா, இன்னைக்கு எடுத்ததா?" என்றாள். நக்கல் இல்லை, உண்மையிலேயே சந்தேகம். இரண்டு பாட்டில் பாக்டீரியா ஊற்றினேன், ஹீட்டரை ஒரு டிகிரி ஏற்றினேன், ஃபில்டரைக் கழற்றி மாட்டினேன். 31-ஆம் நாள்தான் பி.எச். கிட்டைத் தூசி தட்டி எடுத்தேன். குழாயில் வந்தது பட்டையின் கடைசிக் கட்டத்து மஞ்சள், 6.0. அதற்குக் கீழே காட்ட அந்தக் கிட்டால் முடியாது. உண்மையில் எவ்வளவு இருந்ததோ.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று நின்றது

என் கதையின் விளக்கமும் இதுதான். இந்த நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்போது அமிலத்தை வெளியிடுகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டுகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. அந்தத் தாங்கும் சக்தியைத்தான் கே.எச். என்று அளக்கிறோம். ஒவ்வொரு 1 பிபிஎம் அம்மோனியாவும் நைட்ரேட் ஆகி முடியும்போது சுமார் 6 பிபிஎம் கார்பனேட் கடினத்தன்மை காலியாகிறது. அதாவது கே.எச். அளவில் மூன்றில் ஒரு டிகிரி. தினமும் 2 பிபிஎம் ஊற்றி அது தினமும் காலியானால், 4 டிகிரி கே.எச். உள்ள தண்ணீர் ஆறே நாளில் வெறுமையாகிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் ஆரம்பத்திலேயே அது ஏறக்குறைய சைபர். கே.எச். தீர்ந்த அடுத்த நாளே பி.எச். சரியத் தொடங்கும். 6.5-க்குக் கீழே வேலை மந்தமாகும், 6 வாக்கில் கிட்டத்தட்ட நின்றே போகும்.

கொடுமை என்னவென்றால், சைக்கிள் எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இந்த இடத்துக்கு வந்து சேரும். அதனால்தான் நேற்றுவரை ஓடிய தொட்டி இன்றைக்கு நிற்கிறது.

சரிசெய்வது சுலபம். கே.எச். உள்ள குழாய்த் தண்ணீரால், குளோரின் நீக்கித்தான், பாதியை மாற்றுங்கள். அது போதாவிட்டால் சமையல் சோடா. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். ஏறக்குறைய 1 டிகிரி உயரும். ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கே.எச். 4 டிகிரிக்குக் கீழே போகாமல் வாரம் இரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பவளத் துண்டுகளை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வைத்தால் அது மெல்லக் கரைந்து தானாகவே ஈடுகட்டும். ஆனால் அவசரத்துக்கு உதவாது. நான் பாதித் தண்ணீரை மாற்றி 6 கிராம் சோடா போட்டேன். ஐந்தாம் நாள் காலை குழாயில் வெளிர் நீலம். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஓர் எச்சரிக்கை. இதை மீன் உள்ள தொட்டியில் தடாலடியாகச் செய்யக் கூடாது. பி.எச். குறைவாக இருக்கும்போது அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, விஷம் குறைந்த வடிவில் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது. பி.எச். 8 என்றால் நூற்றில் ஐந்துக்கு மேல். தேங்கிய அம்மோனியத்தோடு பி.எச்.-ஐ ஏற்றினால் ஒரே மணி நேரத்தில் தண்ணீரை விஷமாக்கியது போல. மீன் இல்லாதபோது இந்தப் பயம் தேவையில்லை.

ஆர்.ஓ. தண்ணீர்த் தொட்டிகளில் இன்னொரு சிறு குறையும் வரலாம். நுண்ணுயிர்களுக்குப் பாஸ்பேட்டும் கொஞ்சம் வேண்டும். சுத்த நீரில் அது இருக்காது. ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டால் போதும்.

கண்ணுக்குத் தெரியும் "கோளாறுகள்"

மூன்றாம் நாளில் தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்தால் அது வேறு வகைப் பாக்டீரியாக்கள் கரிமக் கழிவைத் தின்று பெருகுவது. ஒரு வாரத்துக்குள் தெளியும். ஃபில்டரைக் கழுவாதீர்கள், தெளிய வைக்கும் மருந்தும் வேண்டாம். முதல் நாளே கலங்கல் என்றால் அது மணலைக் கழுவாத தூசி. மரக்கட்டையில் வெள்ளைக் கூழ் படர்ந்தால் பயப்பட வேண்டாம். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம், விட்டாலும் தானே போகும். கண்ணாடியில் பழுப்புப் படலம் டயட்டம் பாசி. தண்ணீரே பச்சையானால் விளக்கை அணையுங்கள், இந்த வேலைக்கு வெளிச்சம் தேவையே இல்லை. செடியோடு வந்த குட்டி நத்தைகள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தாங்கும்.

முட்டை அழுகிய நாற்றம் வந்தால் மட்டும் நில்லுங்கள். தடித்த மணல் அடியில் காற்றில்லாமல் ஏதோ அழுகுகிறது. மணலை மெல்லக் கிளறி, மிச்ச உணவை உறிஞ்சி எடுங்கள்.

பார்க்க அசிங்கமாக இருப்பது பெரும்பாலும் ஆபத்தில்லை. பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீரில் 4 பிபிஎம் நைட்ரைட் இருக்கலாம்.

அம்மோனியா 0.25-இலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது

காய்ச்சி வடித்த நீரை அதே கிட்டில் சோதித்து இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே நிறமா? உங்கள் தொட்டியில் அம்மோனியா இல்லை. நிறம் வேறா? குழாய்த் தண்ணீரிலேயே குளோராமின் வழியாக வருகிறதா என்று பாருங்கள். நெஸ்லர் என்ற வேதிக்கரைசலால் சோதிக்கும் கிட் என்றால் சில குளோரின் நீக்கிகள் அதைக் குழப்பிப் பொய்யான அளவு காட்டவைக்கும். மஞ்சள்-பச்சை நிறம் தரும் சாலிசிலேட் வகைக்கு மாறுங்கள்.

முடிந்ததா, இல்லையா?

நைட்ரைட் ஒரு நாள் சைபர் காட்டியதும் கடைக்கு ஓடாதீர்கள். 2 பிபிஎம் அம்மோனியா ஊற்றி, சரியாக 24 மணி நேரம் கழித்து அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். இரண்டும் சைபர் என்றால் மறுநாளும் அதையே செய்யுங்கள். இரண்டாம் முறையும் தேறினால் தொட்டி தயார்.

இப்போது நைட்ரேட் எக்கச்சக்கமாக இருக்கும். மொத்தம் 20 பிபிஎம் அம்மோனியா ஊற்றியிருந்தால் அது 70 பிபிஎம்முக்கு மேல் நைட்ரேட். முக்கால்வாசித் தண்ணீரையோ அதற்கு மேலோ, குளோரின் நீக்கி, அதே வெப்பத்தில் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாற்றிய அன்றோ மறுநாளோ மீன் விடுங்கள். மீன் வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றால், அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 1 பிபிஎம் ஊற்றிக்கொண்டே இருங்கள். கடைசித் தண்ணீர் மாற்றத்தை மீன் வரும் முந்தைய நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

தேறிய தொட்டியில் மீன் விட்டதும் அம்மோனியா வந்தது

எப்போதும் கேட்கும் முதல் கேள்வி: ஃபில்டரை என்ன செய்தீர்கள்? "மீன் வருதேன்னு நல்லா கழுவி வெச்சேன்" என்பதுதான் வழக்கமான பதில். குழாயடியில் கழுவிய ஸ்பாஞ்சில் ஆறு வாரம் வளர்த்தது குளோரினோடு போய்விட்டது. அல்லது பெட்டியில் எழுதியிருந்தபடி கார்ட்ரிட்ஜை மாதமானதும் தூக்கிப்போட்டு புதிது மாட்டியிருப்பார்கள். மாற்றச் சொல்வது விற்பவரின் கணக்கு. ஸ்பாஞ்ச் கிழியும்வரை உழைக்கும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீர் வாளியில் இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

ஃபில்டரைத் தொடவே இல்லை என்றால் மீன் எண்ணிக்கை. ஒரே நாளில் நிறைய விட்டு, தாராளமாக உணவும் போட்டால் எந்தப் புதுத் தொட்டியும் திணறும்.

இரண்டில் எதுவானாலும் அடுத்த வேலை ஒன்றுதான். உணவைப் பாதியாக்குங்கள், தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டில் ஒன்று 0.5-ஐத் தொட்டால் பாதித் தண்ணீரை அன்றே மாற்றுங்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கினால், செவுள் பழுப்பாகத் தெரிந்தால் அது நைட்ரைட். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் தவிக்கிறது. 10 லிட்டருக்கு 1 கிராம் வீதம் வேறெதுவும் கலக்காத உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். ஏர் ஸ்டோனையும் போடுங்கள். உப்பு ஆவியாகிப் போகாது, தண்ணீர் மாற்றும்போதுதான் குறையும். அதனால் மறுநாள் மாற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், மொத்தத் தொட்டிக்கும் மறுபடி போட்டுவிடாதீர்கள்.